தோட்டத்து மூட்டை வீட்டுக்குள் வரலாமா?

 

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வெப்பம் சற்றுக் குறையும். ஏறி முடித்ததும் ஏரிக்கரையில் நின்று, "அப்பாடா! மனச்சுமையெல்லாம் கீழேயே இறங்கிவிட்டது" என்று பெருமூச்சு விடாத சுற்றுலாப் பயணி அரிது.

ஆனால், நாம் இளைப்பாறச் செல்லும் ஊர் அங்கேயே வாழ்பவருக்கு உழைக்கும் ஊர் அல்லவா? சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை என்று ஓர் ஊர் உண்டு. காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களில் படரும் மிளகுக் கொடிகளுமாகக் காட்சி தரும் பகுதி அது. அங்கே ஒரு தோட்டத்தில் ரைட்டராகப் பணிபுரியும் சகோதரர் ஒருவரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். அவருடைய கதையில் நம் வீட்டுக் கதையும் இருக்கிறது என்பதால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

மேலிருந்து ஒரு குரல், கீழிருந்து பல குரல்

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஆங்கில அரசு அதிகாரி அதைக் கொண்டு வந்தார். அன்று முதல் இன்று வரை இம்மலையின் வாழ்வு காப்பியின் நாட்காட்டியோடு பிணைந்தே நடக்கிறது. பங்குனி, சித்திரையில் பெய்யும் மழைக்குப் பூ மலரும். அந்த மழை பிந்தினால் அவ்வாண்டு விளைச்சலே ஆட்டம் காணும். பூ காயாகிக் கனிவதற்கு எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லும். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிப்புக் காலம்.

பறிப்புக் காலத்தில் காலம்தான் எசமானன். பழுத்த பழத்தைச் செடியில் விட்டு வைத்தால் உதிர்ந்துபோகும். காய்த்துளைப்பான் புழுவுக்கு வீடாகும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் இட்டுத் தோல் நீக்க வேண்டும். தாமதித்தால் புளித்துச் சுவை கெட்டுவிடும். ஆகவே விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுப்பதிலிருந்து, மாலையில் பழத்தை எடை போட்டு, இரவில் பேரேட்டில் பதிவது வரை ஓய்வென்பதே இல்லை.

இதன் நடுவில் நிற்பவர் நம் சகோதரர். ஆள் போதவில்லை என்கிறார் மேஸ்திரி. எடை குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று முறையிடுகிறார்கள் பறிக்கும் பெண்கள். சென்ற ஆண்டை விட ஏன் குறைவு என்று நகரத்திலிருந்து கைபேசியில் கேட்கிறார் முதலாளி. இரவு பத்து மணிக்கும் அந்த அழைப்பு வரும். "மேலிருந்து ஒரு குரல், கீழிருந்து பல குரல். எனக்கென்று ஒரு குரல் இல்லை" என்றார் அவர்.

சென்ற ஆண்டு மார்கழியில் ஓரிரவு. கணக்கு எழுதிக் கொண்டிருந்தவருக்கு நெஞ்சு இறுகியது, உள்ளங்கை வியர்த்தது. வாடகை வண்டியில் ஏற்றி, அந்த இருபது வளைவுகளையும் இறக்கி, சேலத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்த மருத்துவர், "இதயம் நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?"

"பிள்ளைகளோடு சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்று?"

"உங்கள் வேலையில், நீங்களே முடிவு செய்யக்கூடியது என்ன இருக்கிறது?"

முதல் இரண்டிற்கும் ஏதோ பதில் சொன்னார். மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை.

உடல் செய்யும் உதவி, உடலுக்கே வினையாவது ஏன்?

தோட்டத்துப் பாதையில் ஒரு காட்டெருது எதிரே வந்து நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த மலையில் அது நடக்கக் கூடியதே. சிந்திக்கும் முன்பே உடல் ஆயத்தமாகிவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் விரைந்து துடிக்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறும். குடலின் வேலை ஒத்திவைக்கப்படும். ஓடு, அல்லது எதிர்த்து நில்! இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915 ஆம் ஆண்டிலேயே விளக்கினார். எருது விலகிப் போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது நமக்கு அருளப்பட்ட பாதுகாப்பு.

ஆனால் கைபேசி மணியும் எருதைப் போலவே நம் உடலுக்குத் தோன்றினால்? எருது போய்விடும், கைபேசி போகாது. ஹங்கேரி நாட்டு வழிவந்த ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆய்வு செய்து 1936 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நெருக்கடி தொடரும்போது உடல் மூன்று படிகளைக் கடக்கிறது. முதலில் அபாய மணி அடிக்கிறது; அடுத்து, தாக்குப் பிடித்து நிற்கிறது; இறுதியில் இருப்பெல்லாம் தீர்ந்து ஓய்ந்து போகிறது. இரண்டாம் படியில் இருப்பவரை நாம் "கடும் உழைப்பாளி" என்று பாராட்டுகிறோம். அவர் மூன்றாம் படியை நெருங்கிக் கொண்டிருப்பது அவருக்கும் தெரிவதில்லை; நமக்கும் தெரிவதில்லை.

பணியால் நேரும் இந்த ஓய்ந்துபோன நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியது. அதை ஒரு நோயாக அன்று, பணியிடத்தால் விளையும் நிலையாகவே குறித்தது. அதன் அடையாளங்கள் மூன்று. உடலும் உள்ளமும் வற்றிப்போன சோர்வு; வேலையின் மீது வெறுப்பும் விலகலும்; எதைச் செய்தும் பயனில்லை என்னும் எண்ணம்.

பெரிய நாற்காலிக்கா, சின்ன நாற்காலிக்கா?

பெரிய பதவியில் இருப்பவருக்கே பெரிய நெருக்கடி என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. இலண்டன் மாநகரின் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் முதலிய மருத்துவ அறிஞர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். 1967 இல் தொடங்கிய முதல் ஆய்வில் சுமார் 18,000 ஆண்கள் இடம்பெற்றனர். 1985 இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இடம்பெற்றனர். பதவிப் படிக்கட்டில் இறங்க இறங்க, இதய நோய் கூடிக்கொண்டே போனதைக் கண்டார்கள். புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றால் மட்டும் அந்த வேற்றுமையை முழுதும் விளக்க முடியவில்லை. தம் வேலையின் மீது தமக்கே பிடிமானம் இல்லாமை ஒரு முக்கியக் காரணமாக நின்றது.

அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் என்பவர் 1979 இல் இதையே ஒரு தராசாக வகுத்துக் கொடுத்திருந்தார். ஒரு தட்டில் வேலையின் சுமை. மறு தட்டில் அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை. சுமை மிகுந்து உரிமையும் மிகுந்திருந்தால் மனிதன் வளர்கிறான். சுமை மிகுந்து உரிமை குறைந்திருந்தால் நசுங்குகிறான். உடன் பணியாற்றுவோரின் ஆதரவையும் பின்வந்த அறிஞர்கள் இத்தராசில் சேர்த்தார்கள். மருத்துவர் கேட்ட மூன்றாம் கேள்வியின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

வேலை நேரத்தின் கணக்கும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். கடையைக் காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் நம் சகோதரர்கள், தம் வாரக் கணக்கை ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும்.

வாசலில் நின்ற கேள்வி

மஞ்சக்குட்டைக்கே திரும்புவோம். நம் சகோதரரின் துணைவியார் சொன்ன செய்திதான் என் உள்ளத்தை மிகவும் தைத்தது.

அவர்களுடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டை வந்து மூன்று நாட்கள் அது பைக்குள்ளேயே கிடந்தது. மதிப்பெண்கள் குறைவோ என்று பார்த்தால், இல்லை. வகுப்பில் இரண்டாம் இடம்! பிறகு ஏன் காட்டவில்லை? ஒவ்வொரு மாலையும் வண்டிச் சத்தம் கேட்டதும் தாயின் அருகே வந்து அவள் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, அத்தா இன்னைக்குக் கோபமா வர்றாங்களா?"

நல்ல செய்தியைச் சொல்வதற்கும் நல்ல வேளை பார்க்க வேண்டிய வீடாக அது மாறிவிட்டது. சிந்தித்துப் பாருங்கள்! அவர் யாரையும் அடித்தவரல்லர். தோட்டத்தில் இறக்கி வைக்க முடியாத மூட்டையைத் தோளோடு வீட்டுக்குள் கொண்டு வந்தார், அவ்வளவே. ஆனால் அந்த மூட்டையின் பாரம் ஏழாம் வகுப்புச் சிறுமியின் தோளிலும் ஏறியது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னரே அவருக்கு இது தெரிய வந்தது. "நெஞ்சு வலியை விட அந்தச் சொல்தான் வலித்தது" என்றார்.

கையில் உள்ளது, கையில் இல்லாதது

பிறகு அவர் என்ன செய்தார்? பேரேட்டின் ஒரு தாளைக் கிழித்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் தன் கையில் இல்லாதவை. மழை, ஆள் பற்றாக்குறை, காப்பியின் விலை. அராபிக்கா காப்பியின் விலைக்கு உலகம் நியூயார்க் சந்தையைப் பார்க்கிறது. 1989 இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை குலைந்ததும் விலை சரிந்தது. 1994 இல் பிரேசில் நாட்டில் கடும் உறைபனி விழுந்ததும் விலை உயர்ந்தது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் வீழ்ந்தது. மஞ்சக்குட்டையில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்தாலும் பிரேசிலில் விழும் பனி நிற்கப் போவதில்லை.

மறுபக்கம் தன் கையில் உள்ளவை. அங்கே எழுதுவதற்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லையாம். மெல்ல மெல்ல நான்கு வரிகள் வந்தன.

எடைச் சச்சரவு முதல் வரி. மாலையில் ஒரே முறை போட்டு வந்த எடையை, நண்பகலிலும் மாலையிலுமாக இரு முறை போட்டார். பறிக்கும் பெண்களில் ஒருவரே தராசைப் பார்த்து உரக்க வாசிக்குமாறு செய்தார். ஒரு வாரத்தில் முறையீடுகள் பெருமளவு குறைந்தன. அவருக்கு நிம்மதி கிடைத்தது. அப்பெண்களுக்கோ தம் கூலியின் மீது நம்பிக்கை கிடைத்தது.

இரண்டாவது, இரவு அழைப்பு. "நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு நானே அழைத்து முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்" என்று முதலாளியிடம் கேட்டுக் கொண்டார். முதலில் மறுத்தவர், இரண்டாம் முறை இசைந்தார்.

மூன்றாவது, அவர் வேலை செய்யும் பொருளே! குளிருக்கும் விழிப்புக்குமாக நாளொன்றுக்கு எட்டுக் குவளை காப்பி குடித்து வந்தார். காப்பியில் உள்ள காஃபின் பாதியளவு குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்தது நள்ளிரவிலும் உறக்கத்தின் வாசலில் காவல் நிற்கும். நண்பகலுக்குப் பின் காப்பி இல்லை என்று முடிவு செய்தார்.

நான்காவது, வீடு திரும்பும் வழி. வண்டியை வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு மீதித் தூரத்தை நடந்து கடந்தார். அன்றைய சச்சரவுகளை அந்த நடையில் ஒரு முறை எண்ணி முடித்து, வாசலில் செருப்போடு விட்டுவிட வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக் கொண்ட நிபந்தனை.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. உதவிக்கு இன்னோர் ஆள் வேண்டுமென்று கேட்டது கிடைக்கவில்லை. பறிப்புக் காலம் இன்றும் கடுமையாகவே இருக்கிறது. ஆனால் "எனக்கென்று ஒரு குரல் இல்லை" என்றவருக்கு நான்கு வரிகளில் ஒரு குரல் கிடைத்திருக்கிறது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல்

அவருடைய துணைவியாரும் ஒன்று செய்தார். வாசலிலேயே, "என்னங்க, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பதை நிறுத்தினார். முகம் கழுவி, உடை மாற்றி அமர அரை மணி நேரம் விட்டார். உணவுக்குப் பின், "இன்னைக்கு என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டார். அறிவுரை சொல்லாமல் செவி கொடுத்தார்.

ஆனால், சகோதரர்களே! அந்த அம்மையாரும் விடியலில் எழுந்து, பனியில் விறகடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தையல் இயந்திரத்தில் அமர்பவர்தாம். அவருடைய நாளைப் பற்றி யார் கேட்பது? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பொருள் தொழிற்சாலைகளுக்குச் சென்று திரும்பும் நம் சகோதரிகளுக்கு வீட்டில் இரண்டாவது பணிமுறை தொடங்குகிறது. வளைகுடா நாட்டில் கணவர் இருக்க, இங்கே தனியே குடும்பத்தை நடத்துபவருக்கு விடுமுறையே இல்லை. செவி கொடுப்பது இருவழிப் பாதையாக இருந்தால்தான் அந்த வீட்டில் இருவருக்கும் ஓய்வு உண்டு.

முதலாளிகளாக இருப்போர் கவனத்திற்கு

இவ்விதழின் வாசகர்களில் கடை உரிமையாளர்களும் தொழில் நடத்துவோரும் பலர். உங்களிடம் சற்று உரிமையோடு பேசுகிறேன். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்று கொண்டே பணிபுரியும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அமர இருக்கை தர வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் இதை 2018 லேயே செய்திருந்தது. ஒரு முக்காலி போடச் சட்டம் வர வேண்டியதாயிற்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியா?

எட்டு மணி நேர வேலை என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919 இல் தன் முதல் உடன்படிக்கையிலேயே வகுத்த அளவு. 1923 இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். அதற்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே இதன் பொருள்.

முதலாளிமாரே! பணியாளர் வீட்டுக்குச் சென்ற பின் அழைக்காமல் இருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. என்ன வேலை, எப்போது முடிக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கும் இல்லை. "இதை எப்படிச் செய்யலாம், தம்பி?" என்று ஒரு முறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். தராசின் மறு தட்டில் நீங்கள் வைக்கும் எடை அதுதான்.

ஈமான் குறைவா?

இறுதியாக ஒன்று. நம் சமுதாயத்தில் ஒருவர் உள்ளம் சோர்ந்து நின்றால், "ஈமான் குறைவு, அதனால்தான்" என்று சொல்லிவிடுவோர் உளர். சர்க்கரை நோயாளியிடம் அப்படிச் சொல்வோமா? தொழுகையில் அமைதி காண்போர் பலர். அது பெரும் பேறு. ஆயினும் உடல் வரிசையில் நிற்க, உள்ளம் கல்லாப்பெட்டியில் நிற்கும் அளவுக்கு ஒருவர் ஓய்ந்து போயிருந்தால், அவருக்குத் தேவை பழிச்சொல் அன்று, உதவி.

நெஞ்சு வலி வந்தால், "இது மனக்கவலைதான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதயம் நலமா என்று மருத்துவர் சொல்லட்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால் மருத்துவரை நாடுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

நான் விடைபெற்ற மாலையில் தோட்டத்துப் பாதையில் ஒருவர் நடந்து வந்து கொண்டிருந்தார். அவர் வாசலை எட்டுமுன்பே மகள் ஏதோ தாளை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடினாள். அது என்ன தாள் என்று நான் கேட்கவில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒரு முறை கவனியுங்கள். நீங்கள் நுழையும்போது பிள்ளைகள் உங்களை நோக்கி வருகிறார்களா, அறைக்குள் விலகுகிறார்களா?